எல்லாமே காக்கா

மாலை ஆறரை மணிக்கு ஓசூரிலிருந்து மகள் வீடியோ காலில் வருவாள். கைக்குழந்தை அவள் தோளில் கிடக்கும். பெரியவன், அதாவது இரண்டேமுக்கால் வயதாகும் என் பேரன், கீழேயிருந்து ஒரு தாளைத் தூக்கிக் காட்டுவான். தாளில் இரண்டு கோடுகள் இருக்கும். சில நாள் மூன்று. "தாத்தா, காக்கா" என்பான். நேற்றும் காக்கா, முந்தாநாளும் காக்கா. ஒருநாள் சிவப்புக் காக்கா, ஒருநாள் தாள் கிழியும்படி அழுத்திப் போட்ட காக்கா. மகளுக்கு அதில் பெருமை தாங்காது. "டிராயிங் மாஸ்டர் பேரன்னா சும்மாவாப்பா" என்பாள். நானும் சிரித்து வைப்பேன். அந்தக் காக்கா எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியாது. ஆறு மாதமாக அது மீன்முள் போலத் தொண்டையில் நிற்கிறது. எழுதிவிட்டால் இறங்கும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவன். கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரையில் எங்கள் ஊர். இரண்டாவது பிரசவத்துக்காக மகள் 2025 பங்குனிக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மகளைக் கவனிக்கவும் அடுப்பங்கரையைப் பார்த்துக்கொள்ளவும் என் மனைவிக்குப் பொழுது சரியாக இருந்தது. ஆகவே பேரன் என் பங்குக்கு வந்தான். அப்போது அவனுக்கு 2 வயதும் 2 மாதமும். ஆறு மாதம் அவன் பின்னாலேயே திரிந்தேன். சொந்த மகள் அந்த வயதில் இருந்தபோது அவள் பின்னால் ஒரு முழு நாள்கூட நான் திரிந்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சாக்பீஸ் டப்பா

எங்கள் வீட்டுத் திண்ணை சிவப்புச் சிமெண்ட் பூசியது. பல காலம் மனிதர்கள் உட்கார்ந்து எழுந்ததில் வழவழவென்று மினுங்கும். பள்ளியிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சொத்து, பாதி தீர்ந்த சாக்பீஸ் டப்பா ஒன்று. சித்திரை வெயில் ஏறுவதற்கு முன்பே அவனைத் திண்ணையில் விட்டு டப்பாவைத் திறந்து வைத்தேன். முதல் நாள் அவன் எதுவும் வரையவில்லை, உருட்டினான். சாக்பீஸ் உருண்டு, திண்ணை விளிம்பிலிருந்து தெருவில் விழுந்து இரண்டாக உடைந்தது. எட்டிப் பார்த்தான். இன்னொன்றை உருட்டினான், அதுவும் உடைந்தது. ஏழெட்டு போன பிறகு என் கை தானாக டப்பாவை மூடிவிட்டது. அரசுப் பள்ளியில் ஆண்டுக்கு இத்தனை டப்பா என்று கணக்குப் பார்த்துச் செலவழித்த கை அல்லவா, அதற்கு வேறு என்ன தெரியும்? உடைந்த துண்டுகளைப் பொறுக்கிவந்து கொடுத்தேன். ஒன்றை வாயில் வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துத் துப்பினான்.

மூன்றாம் நாள் காலை, கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு கட்டெறும்பு ஒன்றைத் துரத்தினான். தவழ்ந்து போய் அதைத் தரையோடு குத்தப் பார்த்தான். எறும்பு தப்பிவிட்டது; தரையில் ஒரு வெள்ளைப் புள்ளி நின்றது. அவன் முதலில் அந்தப் புள்ளியைப் பார்க்கவில்லை, சாக்பீஸின் முனையைப் பார்த்தான். முனையை விரலால் தொட்டு, விரலில் ஒட்டிய மாவை உற்றுப் பார்த்துவிட்டு, அதன் பிறகே தரையைப் பார்த்தான். மறுபடி குத்தினான். இன்னொரு புள்ளி. எறும்பு மறந்துபோயிற்று. வாசற்படியிலும் தூணிலும் என் வேட்டியிலும் தன் முழங்காலிலும் குத்திக் குத்திப் பார்த்தான். முழங்காலில் புள்ளி சரியாக விழவில்லை. அதற்கு அழுத்தி இழுக்க வேண்டியிருந்தது. அப்படி இழுத்ததில்தான் அவனுடைய முதல் கோடு பிறந்தது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரங்களைப் போல என் தொழில் வாழ்க்கையில் எதையும் நான் கண்டதில்லை. அவன் கோடு போடும்போது மணிக்கட்டு அசையாது, முழங்கையும் அசையாது. கீலில் ஆடும் கதவு போலத் தோள் ஒன்றே ஆடும். தரையில் வளைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அப்போது கோடை உழவு நடந்துகொண்டிருந்தது. தெருவில் டிராக்டர் போகும். அது முனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "டுர்ர்ர்" என்று எச்சில் தெறிக்கக் கத்தியபடியே திண்ணையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சாக்பீஸை இழுத்துக்கொண்டு போவான். மூச்சு முடிகிற இடத்தில் கோடும் முடியும். அதைப் பார்த்து டிராக்டர் என்று யாராலும் சொல்ல முடியாது. டிராக்டர் போன போக்கு மட்டும் அங்கே கிடக்கும்.

தமிழில் கிறுக்கு என்ற ஒரே சொல் பைத்தியத்துக்கும் ஆகிறது, இப்படிக் கோடு போடுவதற்கும் ஆகிறது. "கிறுக்காதே" என்று எத்தனை ஆயிரம் முறை வகுப்பில் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ரோடா கெல்லாக் என்ற அமெரிக்கப் பெண்மணி, சான்பிரான்சிஸ்கோவில் மழலையர் பள்ளிகளில் பணியாற்றியவர், குழந்தைகளின் கிறுக்கல்களை லட்சக்கணக்கில் சேர்த்து 1969இல் ஒரு நூல் வெளியிட்டார். புள்ளி, நேர்க்கோடு, சாய்கோடு, வளைவு, நெளிவு, சுழி என்று அடிப்படையான கிறுக்கல்கள் 20 என்று அவர் வகைப்படுத்தியிருக்கிறார். பிற்பாடு வரும் வட்டமும் சதுரமும் மனித உருவமும் இவற்றிலிருந்தே திரண்டு வருகின்றன என்பது அவர் கட்சி. இதையெல்லாம் ஓய்வு பெற்ற பிறகு, பேரனுக்காகத் தேடிப் படித்தேன். கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது குடமும் பழமும் நிழலும்தான். ஓவியத்துக்கான அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலைகளிலும் பிள்ளைகளைத் தயார் செய்தேனே, அதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை.

"என்னடா இது?"

வைகாசி பிறந்து சில நாள் இருக்கும். அவன் திண்ணை முழுவதும் சுழிசுழியாக இழுத்து முடித்து, களைத்துப்போய்ச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, பாசத்தோடுதான், குனிந்து கேட்டேன்: "என்னடா தம்பி இது?"

என்னைப் பார்த்தான். கோடுகளைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். கேள்வி புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தன்னிடம் ஏதோ ஒன்று எதிர்பார்க்கப்படுகிறது என்பது மட்டும் புரிந்துவிட்டது என்பதும் தெரிந்தது. அப்போது எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து கரைந்தது. "காக்கா" என்றான்.

நான் கை தட்டினேன். உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டேன், மகளைக் கூப்பிட்டேன். "காக்கா போட்டிருக்கான், வந்து பாருங்க!" சுழிகளுக்கு நடுவே எனக்கே ஓர் அலகு தெரிந்தது, வால் தெரிந்தது. மகள் ஈரக்கையோடு வந்து போட்டோ எடுத்து மருமகனுக்கு அனுப்பினாள். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான். இன்னும் இரண்டு கோடு இழுத்தான். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். "காக்கா."

மறுநாளிலிருந்து நடந்ததைக் கண்டுகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கோடுகள் குறுகிவிட்டன. திண்ணையின் கோடியிலிருந்து கோடிக்கு ஓடிய கை, இப்போது இரண்டு இழுப்பில் நின்று, முகத்தைத் தேடியது. காக்கா என்று சொல்லிப் பாராட்டை வாங்கிக்கொண்டு, சாக்பீஸைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவான். டுர்ர் என்ற சத்தம் நின்றுபோயிற்று. அவனுக்குச் சரக்கு விற்கத் தெரிந்துவிட்டது. முதல் வாடிக்கையாளன் நான்.

இதே கேள்வியைத்தான் 31 ஆண்டுகளும் கேட்டிருக்கிறேன் என்பது அந்த வாரத்தில் ஓர் இரவு நினைவுக்கு வந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மழைக்காலம் என்ற தலைப்புக்குத் தாள் முழுவதும் சாய்ந்த நீலக் கோடுகளாகவே போட்டுக்கொண்டு வந்தான். ஐப்பசி மாதம், சன்னலுக்கு வெளியே அப்படியேதான் பெய்துகொண்டிருந்தது. "இதுல என்னடா இருக்கு?" என்று கேட்டேன். அவன் தாளை வாங்கிக்கொண்டு இடத்துக்குப் போய், அவசரமாக நடுவில் ஒரு குடையையும் குடைக்கு அடியில் குச்சிபோல ஒரு மனிதனையும் போட்டுக் கொண்டுவந்தான். "இப்ப சரி" என்று கையெழுத்துப் போட்டேன். அந்தப் பையனின் பெயர் நினைவில்லை. அந்தக் குடை நினைவிருக்கிறது. மோசமான குடை.

எதிர்வீட்டுப் பாப்பா

எதிர்வீட்டில் ஒரு பெண் குழந்தை, இவனைவிட மூன்று மாதம் சின்னவள். தாயும் தகப்பனும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட, அப்பாயியிடம் வளர்கிறாள். இவனைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவாள், எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படிக் கூப்பிடுவதால். அவன் அவளைப் "பாப்பா" என்பான். வாசல் தெளிக்கும் நேரத்தில் அப்பாயி அவளைக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் விட்டுப் போவார்.

முதல் மூன்று நாள் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. அவள் ஒரு அலுமினிய டம்ளரில் தெருமண்ணை அள்ளுவாள், கொட்டுவாள், மறுபடி அள்ளுவாள். அவன் தூணுக்கு மறுபுறம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இது எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகள் சேர்ந்து விளையாட வேண்டும், பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது வாத்தியார் புத்தி. அவன் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, "பாப்பாவுக்கு ஒண்ணு குடு கண்ணு" என்று சொல்லி அவள் கையில் வைத்தேன். அவன் கூரை அதிரக் கத்தினான். அவள் மிரண்டு சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு, அவனைவிடப் பெரிதாக அழுதாள். வாசலில் விளக்குமாற்றோடு நின்ற அப்பாயி வந்து பேத்தியைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: "விடுங்க சார். ரெண்டு கோழிக்குஞ்சும் ஒரே குப்பையத்தானே கிளறுது. ஒண்ணுக்கு ஒண்ணு ஊட்டிக்கிட்டா கெடக்கு?"

மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் விளையாட்டை ஆறு விதமாகப் பிரித்தார். சும்மா இருத்தல், தனியே விளையாடுதல், நின்று வேடிக்கை பார்த்தல், பக்கத்தில் பக்கத்தில் அவரவர் விளையாட்டை விளையாடுதல், கலந்து விளையாடுதல், கூட்டுச் சேர்ந்து ஒரே காரியமாக விளையாடுதல். அப்பாயி குப்பை என்று சொன்னது நான்காவது வகை. பின்னால் வந்தவர்கள் இதை ஏணிப்படியாகக் கொள்ள வேண்டியதில்லை, குழந்தைகள் ஒரே காலையில் இவற்றுக்கிடையே போய்ப்போய் வருகிறார்கள் என்று காட்டினார்கள். திண்ணையில் நான் கண்டதும் அதுதான். ஐந்தாம் நாள் அவள் டம்ளரைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். தூணுக்கு அந்தப் பக்கமிருந்து சாக்பீஸ் டப்பாவில் இரண்டு தட்டுக் கேட்டது. அவள் நிறுத்தினாள். மூன்று தட்டினாள். அந்தப் பக்கமும் மூன்று. தூணைச் சுற்றி இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தன. அப்புறம் அடக்க முடியாத சிரிப்பு. இந்த வயதில் ஒன்று செய்வதை மற்றொன்று அப்படியே செய்வதுதான் பேச்சு. சொற்கள் கைக்கு வருவதற்கு முன்பே அழைப்பும் பதிலும் வந்துவிடுகின்றன.

பிள்ளைத்தமிழில் சிறுமியர் கட்டும் சிற்றிலை ஆண்பிள்ளை வந்து சிதைப்பான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள். எங்கள் தெருவில் அது தலைகீழாயிற்று. இவன் மண்ணைக் குவிப்பான், அவள் வந்து ஒரே உதையில் கலைப்பாள். முதல் தடவை உதடு பிதுங்கியது, நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் அவன் மறுபடி குவித்துவிட்டு, கையை எடுத்து, தள்ளி நின்று அவளைப் பார்த்தான். உதைத்தாள். குவித்தான். மூன்றாவது தடவை, குவித்து முடித்து, "பாப்பா!" என்று கூப்பிட்டான். உதைப்பதற்காகவே கட்டுகிறான். சாக்பீஸைப் பிடுங்கிக் கொடுத்து நான் கற்பிக்கப் பார்த்த பகிர்தலைவிட இது எவ்வளவு பெரியது என்று யோசித்துக்கொண்டே, எழுந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

இவர்களுக்குள் நட்பு என்று ஒன்று இருந்ததா, அல்லது வயசான நான் ஏற்றிப் பார்த்தேனா என்று சந்தேகிப்பவர்களுக்கு ஒரு சாட்சி: அவள் எங்கள் வாசலில் கிடக்கும் ஏழெட்டுச் செருப்புகளில் அவனுடையதை மட்டும் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவன் காலடியில் போடுவாள். வேறு யாருக்கும் செய்யமாட்டாள். என் செருப்பை ஒருநாள் கேட்டேன், திரும்பியும் பார்க்கவில்லை.

ஆற்று மணல்

அரசலாற்றில் அப்போது தண்ணீர் இல்லை. வெயில் தாழ்ந்ததும் அப்பாயியும் நானும் குழந்தைகளைப் படித்துறைக்கு அழைத்துக்கொண்டு போவோம். மணல் மேலே சூடாகவும் நான்கு விரல் ஆழத்தில் குளிர்ச்சியாகவும் இருக்கும் என்பதை அவன் கண்டுபிடித்தது அங்கேதான். தோண்டிய குழிக்குள் கையை விட்டுவிட்டு, "ஜில்லு, ஜில்லு" என்று என் கையையும் இழுத்து வைத்தான். அவள் டம்ளரால் மணலை அள்ளி அவன் கை மேலேயே கொட்டி மூடினாள். கையைக் காணவில்லை. உருவினான், கை வந்தது. இப்படி நூறு தடவை.

ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தார்கள். தண்ணீர் கல்லணை வந்து, பிரிந்து, எங்கள் ஊர் எல்லையைத் தொட இன்னும் சில நாள் ஆகும் என்பதால் அந்த வாரம் ஊரே நாற்றங்கால் பேச்சில் இருந்தது. அதில் ஒரு மாலை. கரையில் கிடந்த காய்ந்த நாணல் தட்டை ஒன்றை அவன் எடுத்தான். மணலில் ஊன்றினான். இழுத்துக்கொண்டு நடந்தான். பின்னால் கோடு வருவதைத் திரும்பிப் பார்த்தான், மறுபடி நடந்தான். திண்ணையில் அவனை நிறுத்துவதற்கு விளிம்பு இருந்தது, என் முகமும் இருந்தது. இங்கே இரண்டும் இல்லை. நான் படித்துறையின் மேல்படியில், தொலைவில் இருந்தேன். கோடு ஒரு கல்லைச் சுற்றியது, மாட்டுச் சாணத்தைச் சுற்றியது, கொஞ்ச தூரம் நேராக ஓடியது, காரணமில்லாமல் நெளிந்தது. பாப்பா டம்ளரில் மணலை வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து, அந்தக் கோட்டுப் பள்ளத்துக்குள் சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டே வந்தாள். கோலமாவை விரலிடுக்கில் விடுவது போல. இருபது முப்பது அடி இருக்கும். "டுர்ர்ர்" என்ற சத்தம் வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன்.

நடுவில் அவன் விழுந்தான். தட்டை ஒடிந்தது. கோடு நின்றது. நான் எழுந்து இறங்கிப் போனேன், தூக்கிவிடத்தான். பக்கத்தில் போய் நின்றதும், அந்த நீளமான கோட்டை மேலிருந்து பார்த்ததும், நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது: என்னடா தம்பி இது? வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் பாப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கோடு நின்ற இடத்தில் குந்தி உட்கார்ந்தாள். ஆள்காட்டி விரலைப் பள்ளத்தின் முடிவில் வைத்தாள். அங்கிருந்து இழுத்தாள். குந்தியபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து இழுத்துக்கொண்டு போனாள். அவன் எழுந்து, முழங்கால் மணலைக்கூடத் தட்டாமல், ஒடிந்த தட்டையோடு அவள் இழுத்த கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு இழுத்துக்கொண்டு போனான். வாயைத் திறந்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன். ஓவிய ஆசிரியனாகச் செய்யத் தெரியாத ஒன்றை அவள் செய்துவிட்டாள். கோட்டை அவள் விசாரிக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது என் தோளில் உட்கார்ந்திருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. சிவன் கோவில் மதில் தாண்டியதும் தானாகவே சொன்னான்: "தாத்தா, ஓடுச்சு." எது ஓடியது என்று கேட்கவும் வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, "ஆமா, ஓடுச்சு" என்றேன்.

அடுத்த வாரம் தண்ணீர் வந்தது. முதல் தண்ணீர் எப்போதும் போல நுரையும் சருகும் எறும்பும் சுமந்துகொண்டு, ஆள் நடக்கும் வேகத்தில் வந்தது. பெண்கள் பூவும் மஞ்சளும் போட்டார்கள். அவன் கரையில் நின்று, "மண்ணு?" என்று கேட்டான். "தண்ணிக்கு அடியில இருக்கு" என்றேன். மணலுக்குள் புதைந்த தன் கை அங்கேதான் இருக்கிறது என்பதை ஐயமின்றி நம்பியவன், தண்ணீருக்கடியில் ஆறு முழுவதும் மணல் இருக்கிறது என்பதை நம்பவே இல்லை. நான் ஏதோ பொய் சொல்கிறேன் என்பதுபோல அப்பாயியைப் பார்த்தான்.

மனைவியின் கட்சி

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னபோது அவள் கோலமாவுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "பேர் வைக்கக் கத்துக்கறதும் கத்துக்கறதுதானே? நீங்க கேக்கலைன்னா வேற யாராச்சும் கேட்டிருப்பாங்க" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஜார்ஜ் ஆன்ரி லுக்கே என்ற பிரெஞ்சு அறிஞர் குழந்தைகளின் ஓவியம் பற்றி 1927இல் எழுதிய நூலில், குழந்தை முதலில் எந்த நோக்கமும் இல்லாமல் கோடு போடுகிறது, போட்டு முடித்த பிறகு தற்செயலாக அதில் ஏதோ ஒன்றின் சாயலைக் கண்டு பெயர் சொல்கிறது, அந்த வழியாகத்தான் நினைத்ததை வரைவதற்கு வந்து சேருகிறது என்கிறார். ஆக, காக்கா எப்படியும் வந்திருக்கும். மூன்று வயதை ஒட்டி எல்லாக் குழந்தைகளுக்கும் வருகிற காக்காதான்.

ஆனால் சாயலைக் கண்டு சொன்ன காக்காவும், தாத்தாவின் முகத்தைக் கண்டு சொன்ன காக்காவும் ஒன்றாகுமா என்பதில்தான் எனக்கு மனம் ஆறவில்லை. முதலாவதில் கோட்டுக்குள்ளிருந்து ஒரு காக்கை எழுந்து வருகிறது. இரண்டாவதில் சுவர்மேல் இருந்த காக்கையைப் பிடித்து, கேட்டவரின் வாயை அடைத்தாயிற்று. என் மனைவி தினமும் வாசலில் புள்ளி வைத்து இழை இழுக்கிறாள். 40 ஆண்டுகளாக யாரும் அவளிடம் அது என்ன என்று கேட்டதில்லை. இதைச் சொன்னதும் முறத்தைத் தட்டிக்கொண்டே, "அழகா இருக்குன்னும் சொன்னதில்ல" என்றாள். அந்த வாதத்தில் நான் ஜெயிக்கவில்லை.

ஆனிக் கடைசியில் பேத்தி பிறந்தாள். ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3 அன்று வந்தது. மூங்கில் சிம்பும் வண்ணக் காகிதமும் ஒட்டி ஒரு சப்பரம் செய்து கொடுத்தேன். கயிற்றை யார் பிடிப்பது என்று ஒரு பெரிய சண்டை. கடைசியில் அவன் முன்னால் இழுக்க, அவள் பின்னாலிருந்து தள்ள, இரண்டு பக்க வேகமும் ஒத்துப்போகாமல் சப்பரம் தெருமுனைக்குள்ளேயே குடை சாய்ந்து சக்கரம் கழன்றது. ஆற்றங்கரை வரை போகவில்லை. கழன்ற சக்கரத்தை உருட்டியதில்தான் அன்றைய மகிழ்ச்சி எல்லாம்.

புரட்டாசியில், பேத்திக்கு மூன்று மாதம் முடிந்ததும், மருமகன் கார் எடுத்துக்கொண்டு வந்தார். போய்வருகிறேன் என்பது இரண்டு வயதுக்குப் புரிகிற சொல்லா? அவனுக்குக் காரில் ஏறும் ஆசைதான் இருந்தது. பாப்பா வழக்கம்போல அவன் செருப்பில் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்த ஒற்றைச் செருப்பு இன்னும் எங்கள் வீட்டுச் சன்னலில் இருக்கிறது. அவன் போன பிறகும் பத்துப் பன்னிரண்டு நாள் அவள் காலையில் வந்து தூணுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, டம்ளரால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காது கொடுப்பாள். ஒருநாள் நான் டப்பாவில் இரண்டு தட்டினேன். எட்டிப் பார்த்தாள். நான் என்பது தெரிந்ததும் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளைப் பால்வாடியில் சேர்த்துவிட்டார்கள். அங்கன்வாடி என்று பலகை இருந்தாலும் ஊரில் அது பால்வாடிதான். பகலில் அங்கே, மாலையில் இன்னமும் எங்கள் திண்ணை. நேற்று ஆறரை மணிக்கு மகள் அழைத்தபோது அவளும் பக்கத்தில் இருந்தாள். பேரன் தாளைத் தூக்கிப் பிடித்தான். இரண்டு கோடு. "தாத்தா, காக்கா." என்ன சொல்வது என்று தெரியாமல் போனை அவள் கையில் கொடுத்தேன். அவள் தாளைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த சாக்பீஸை எடுத்து, திரையில் அந்தக் கோடு முடிகிற இடத்தில் வைத்து, கண்ணாடி மேலேயே இழுத்தாள். திரை முடிந்ததும் என் விரல், விரல் முடிந்ததும் தரை என்று இழுத்துக்கொண்டே போனாள். போனுக்குள் அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு தாள் சரிந்தது, கூரை தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது. மகளின் குரல்: "டேய், டைல்ஸ்ல போடாதடா! அப்பா, தரையெல்லாம் இழுத்துக்கிட்டே ஓடுறாம்ப்பா! பாப்பாகிட்டேருந்து போனை வாங்குங்க."

வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு, டப்பாவைத் திறந்து மிச்சமிருந்த சாக்பீஸ்களை எண்ணினேன். 11 இருந்தன. எல்லாவற்றையும் திண்ணையில் கவிழ்த்தேன்.